கருவின் வயிற்றில் நீர்க்கட்டி: அவசரமும் வேண்டாம், பெயரும் வேண்டாம்

ஏழு மாதம் நிறைந்து வளைகாப்பும் முடிந்தபின் எடுக்கிற ஸ்கேனில், சில சமயம் குழந்தையின் வயிற்றுக்குள் ஒரு கறுப்பு வட்டம் தெரியும். ஸ்கேனில் திரவம் கறுப்பாகத்தான் விழும். இரைப்பையும் கறுப்பு, சிறுநீர்ப்பையும் கறுப்பு. அவை இரண்டும் அததன் இடத்தில் இருக்க, இது மூன்றாவதாக, பென்சிலால் கோடிழுத்தாற்போன்ற மெல்லிய சுவரோடு தனியாக நிற்கும். அந்தச் சுவரோரம் உட்பக்கமாக இன்னொரு சின்னக் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தால், கை பழகிய மருத்துவருக்கு விஷயம் ஏறக்குறைய விளங்கிவிடும். இது சினைப்பையில் வந்த நீர்க்கட்டி. ஆனால் அதைத் தாளில் எழுதப் போகும்போது கை நிற்கிறது. சினைப்பை என்று எழுதினால் குழந்தை பெண் என்று எழுதியதாகிவிடும். அதே அறையின் சுவரில்தான், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, சொல்வது குற்றம் என்ற பலகை தொங்குகிறது. 1994-இல் இயற்றப்பட்டு 2003-இல் இறுக்கப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ பாலினத்தைத் தெரிவிக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. நோயின் பெயரும் ஒரு விதம்தானே?

இந்த இடத்தில் இரண்டு தரப்பு உண்டு. ஒரு தரப்பு, சட்டம் மருத்துவரின் வாயைக் கட்டுகிறது, நோயின் பெயரைக்கூடத் தாயிடம் சொல்ல முடியாத சட்டம் என்ன சட்டம் என்கிறது. இன்னொரு தரப்பு, வம்பே வேண்டாம் என்று எதையும் சொல்லாமல் ‘பெரிய இடத்தில் காட்டுங்கள்’ என்று ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது. இங்கே மேட்டூரிலிருந்து அந்தப் பெரிய இடமான சேலம் ஐம்பது கிலோமீட்டர் அளவில்தான். ஆனாலும் என்ன ஏது என்று தெரியாமல் நிறைமாத வயிற்றோடு பேருந்தில் போகிறவளுக்கு அது நீண்ட தூரம். இரண்டு தரப்பும் ஒன்றை மறந்துவிடுகின்றன என்பது என் கருத்து. இந்த நீர்க்கட்டியின் இயல்பான போக்கைத் தெரிந்துகொண்டால், பிறக்கும் வரை அதற்குப் பெயர் வைத்தே ஆக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பெயர் சொல்லாமலே தாயிடம் உண்மையைச் சொல்ல முடியும். பெயர் சொல்லாததால் சிகிச்சையில் குறையும் வராது.

பெயரைச் சொல்வதால் நம் ஊரில் நேரும் குழப்பத்தையும் முதலில் சொல்லிவிட வேண்டும். நீர்க்கட்டி என்ற சொல் இன்று தமிழில் ஒரே பொருளில்தான் புழங்குகிறது: மாதவிலக்கு தள்ளிப் போவது, உடல் பருப்பது, கல்யாணமாகி ஆண்டுகள் போயும் கரு தங்காமல் இருப்பது. கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் அதை அப்படிப் பழக்கிவிட்டன. பிறக்காத குழந்தையின் சினைப்பையில் நீர்க்கட்டி என்றால், இவளுக்கு நாளைக்குக் குழந்தை பிறக்குமா என்ற கேள்விக்குக் குடும்பம் ஒரே தாவலில் போய்விடும். வெறும் கட்டி என்றாலோ புற்றுநோய்தான். இரண்டும் தவறு. கருவில் வருவது பெண்களுக்கு வயது வந்தபின் வருகிற அந்தக் கோளாறல்ல. புற்றுநோயாக இருப்பது அரிதிலும் அரிது.

இது வருகிற விதம் எளிமையானது. கர்ப்பம் பாதியை எட்டும்போது பெண் கருவின் இரு சினைப்பைகளிலும் அறுபது எழுபது லட்சம் முட்டை அணுக்கள் இருக்கும். பிறக்கும்போது அவை பத்திருபது லட்சமாகக் குறைந்திருக்கும். அவ்வளவு முட்டைகள் அடைந்து கிடக்கும் இடத்தில், தாயிடமிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் குழந்தையின் மூளையடிச் சுரப்பியிலிருந்தும் வருகிற இயக்குநீர்கள் பாயும்போது, ஏதோ ஒரு முட்டைப்பை தூண்டப்பட்டு நீர் கோத்து வீங்குகிறது. அதனால்தான் பெரும்பாலும் 28 வாரத்துக்குப் பிறகே தென்படுகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒன்றும் இல்லையே என்று பழைய தாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை. தாய்க்குச் சர்க்கரையோ கர்ப்பகால ரத்தக்கொதிப்போ இருந்தால் நஞ்சுக்கொடி சுரக்கும் இயக்குநீர் கூடுதலாக இருக்கும் என்பதால் சற்றே அதிகம் காணப்படுகிறது. கிரகணத்தன்று வெளியே போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாமியார் சொல் கேளாமல் பப்பாளி தின்றதற்கும் இல்லை. பிறக்கும் பெண் குழந்தைகளில் சுமார் 2,500-க்கு ஒன்று என்று பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 25,000 பெண் குழந்தைகள் பிறக்கிற ஒரு மாவட்டத்தில் பத்துப் பேருக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிற்றூர் ஸ்கேன் மையத்துக்கு இது பல ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிற விருந்தாளி. பதற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இனிப் போக்கு. கருவிலேயே ஸ்கேன் மூலம் இதைக் கண்டறிந்ததாக மருத்துவ இதழில் முதன்முதலில் எழுதப்பட்டது 1975-இல். அதற்குப் பிறகு சேர்ந்த அனுபவங்களை 2017-இல் ஓர் ஆய்வுக் குழு ஒன்றுதிரட்டியது. 34 ஆய்வுகள், 954 கருக்கள். அவற்றில் பாதிக்குச் சற்று மேல், சரியாகச் சொன்னால் 53.8 சதவீதம், பிறப்பதற்கு முன்போ பின்போ யாரும் கை வைக்காமலே வற்றிவிட்டன. இது எல்லாவற்றையும் சேர்த்த சராசரி. பிரித்துப் பார்த்தால்தான் படம் தெளிவாகிறது. உள்ளே கலங்கல் இல்லாமல், மெல்லிய சுவரோடு, நாலு சென்டிமீட்டருக்குள் இருப்பவை வற்றும் வாய்ப்பு மிக அதிகம். நாலுக்கு மேல் போனவை, அல்லது உள்ளே ரத்தம் கசிந்து கலங்கியவை, அவ்வளவு எளிதில் வற்றுவதில்லை. இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதைக் கட்டி என்று சொல்வதே தப்பு. அது வளர்ச்சியின் இயல்பு. ஆகவே அளவும் தெளிவும்தான் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு ஸ்கேன் பதில் சொல்லாது. மேட்டூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அணையின் நீர்மட்டம் இன்றைக்குத் தொண்ணூறு அடி என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு இங்கே யாரும் தண்ணீர் திறப்பைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்று எவ்வளவு, வரத்து எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சேர்த்துத்தான் பேசுவார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே கட்டியை அதே கோணத்தில் அளந்து எழுதி வருவது அந்த மாதிரி வேலை. அதைச் சும்மா இருப்பது என்று நினைக்கக் கூடாது.

எதற்காக அளக்கிறோம் என்றால், திருகலுக்காக. வளர்ந்த பெண்ணுக்குச் சினைப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். கருவுக்கோ இடுப்புக் கூடு சிறியது. சினைப்பை மேலே வயிற்றுக்குள் தளர்வாகத் தொங்கும். மெல்லிய கொடியில் சுரைக்காய் கனத்துத் தொங்கினால் காற்றில் சுற்றிக்கொள்வதைப் போல, நீர் கோத்துக் கனத்த சினைப்பை தன் காம்பைச் சுற்றித் திருகிக்கொள்ளலாம். திருகினால் ரத்த ஓட்டம் நின்று சினைப்பை கருகிவிடும். மேலே சொன்ன தொகுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இது நேர்ந்திருக்கிறது. பெரிய கட்டிகளில்தான் மிகுதி. ஸ்கேனில் இதன் அடையாளம், நேற்றுவரை துல்லியமான கறுப்பாக இருந்த வட்டத்தின் அடியில் வண்டல் படிந்தாற்போல ஒரு சாம்பல் மட்டம் தெரிவது. இங்கேதான் எதிர்வாதம் வலுவாக எழும்: ஐந்தில் ஒன்று பறிபோகும் என்று தெரிந்தும் எப்படிக் காத்திருப்பது, முன்கூட்டியே அறுவை செய்து குழந்தையை வெளியே எடுத்துவிட்டால் என்ன? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருகல் பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே, யாருக்கும் தெரியாத ஒரு நாளில் நடந்து முடிந்துவிடுகிறது. வண்டல் தெரிகிற நேரத்தில் சினைப்பை பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அதற்குப் பிறகு 34 வாரத்தில் குழந்தையை இழுத்து வெளியே எடுத்தால், போன சினைப்பை திரும்பாது. முதிராத நுரையீரலின் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். ஒரு சினைப்பையை மீட்கலாம் என்ற நிச்சயமில்லாத நம்பிக்கைக்காகக் குழந்தையின் மூச்சைப் பணயம் வைக்க முடியாது. மற்றொரு சினைப்பை நன்றாக இருந்தால் பூப்பெய்துவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் அதுவே போதும். சிசேரியனுக்கும் கட்டி ஒன்றே காரணமாகாது; மற்றபடி இயல்பாக இருந்தால் இயல்பாகவே பிரசவிக்கலாம்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. தாயின் வயிற்றின் வழியே ஊசி செலுத்திக் கட்டியிலுள்ள நீரை உறிஞ்சி எடுத்துவிட்டால் கனம் குறையும், திருகலும் வராதே என்பது அது. பிரான்ஸில் பல மருத்துவமனைகள் சேர்ந்து இதைச் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டன. மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத, தெளிந்த கட்டியுள்ள 61 கர்ப்பங்கள். ஒரு பகுதிக்கு ஊசி, மறுபகுதிக்குக் காத்திருப்பு. பிறந்தபின் சிகிச்சை தேவைப்பட்டது ஊசி போட்டவர்களில் சுமார் 21 சதவீதம், காத்திருந்தவர்களில் 37 சதவீதம். எண்ணிக்கை சிறியது என்பதால் இந்த வித்தியாசத்தை உறுதியானது என்று சொல்ல ஆய்வாளர்களே முன்வரவில்லை. ஆனால் சினைப்பையையே எடுக்க நேர்ந்தது ஊசி போட்டவர்களில் 3 சதவீதம், காத்திருந்தவர்களில் 22 சதவீதம். காத்திருப்புக்காக வாதாடுகிற நான் இதை மறைத்துவிட்டுப் போக முடியாது. பெரிய, தெளிந்த, வளர்ந்துகொண்டே போகிற கட்டிக்கு ஊசி ஒரு வழியாக இருக்கலாம். அதற்குக் கருவுக்கு ஊசி போட்டுப் பழகிய கை வேண்டும். போட்டபின்னும் மறுபடி நீர் கோப்பது உண்டு. ஏற்கெனவே கலங்கிவிட்ட கட்டிக்கு ஊசியால் பலனில்லை. ஆக, பத்தில் ஓரிருவருக்கு எழக்கூடிய கேள்வி இது. மற்றவர்களுக்கு அளந்துகொண்டிருப்பதே மருத்துவம்.

இப்போது பெயருக்கு வருகிறேன். கருவின் வயிற்றில் நீர்க்கட்டி என்றால் அது சினைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குடலை ஒட்டிய கொழுப்பு மடிப்பில் வரலாம், குடலே இரட்டித்து ஒரு பை போலாகலாம், பித்தக்குழாய் வீங்கலாம், சிறுநீரகத்தில் நீர் தேங்கியதும் தூரத்திலிருந்து அப்படித் தோன்றலாம். இவையெல்லாம் ஆண் கருவுக்கும் வரும், பெண் கருவுக்கும் வரும். சுவரோரக் குமிழ் தெரிந்தால் மருத்துவரின் நம்பிக்கை கூடும், அவ்வளவே, உறுதி பிறந்தபிறகுதான். எனவே அறிக்கையில் ‘வயிற்றில் இத்தனை சென்டிமீட்டரில் தெளிந்த நீர்க்கட்டி, மற்ற உறுப்புகள் இயல்பு, மூன்று வாரத்தில் மறு ஸ்கேன்’ என்று எழுதினால், அது சட்டத்துக்குப் பயந்து பூசி மெழுகியதாகாது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதியதாகும். அந்த வாக்கியத்தைப் படித்துப் பாலினத்தை யாரும் உறுதியாகப் பிடிக்க முடியாது. செல்போனில் தேடிப் பார்த்து ஊகிப்பவர்கள் ஊகிக்கலாம். ஊகத்தை எந்தச் சட்டமும் தடுத்ததில்லை. தாயிடம் வாயால் சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான்: குழந்தையின் வயிற்றில் நீர் கோத்த ஒரு சிறு பை இருக்கிறது, புற்றுநோயல்ல, இப்படிப்பட்டவை பலவும் தானாக வற்றும், வற்றாவிட்டால் பிறந்தபின் பார்க்க வழி இருக்கிறது, அசைவு குறைந்தாலோ வயிறு அளவுக்கு மீறிப் பெருத்தாலோ உடனே வா. ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் சட்டத்தின் பெயரைச் சொல்லி மிச்சம் பிடிக்கிறோம்.

28 வாரத்துக்குப் பிறகு கலைக்கவா போகிறார்கள், அப்புறம் சொன்னால்தான் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகும் உச்சவரம்பு 24 வாரம்தான். அதற்கு மேல், கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவக் குழு முடிவு செய்தால் மட்டும். இந்த நீர்க்கட்டி அந்தக் கணக்கில் வராது. ஆகவே வாதம் சரிபோலத் தோன்றும். ஆனால் இது சேலம் மாவட்டம். 1992-இல், நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டது. கருவில் அல்ல, பிறந்தபின் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்ததால், வேண்டாதவர்கள் குழந்தையை அரசிடம் விட்டுச் செல்லட்டும் என்று வந்த தொட்டில் அது. 2001 கணக்கெடுப்பில் சேலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். 2011-இல் அது 910-ஐத் தாண்டியது. மாறியிருக்கிறது, சந்தேகமில்லை, இந்த மண்ணின் அம்மாக்களும் செவிலியர்களும் சேர்ந்து மாற்றினார்கள். அதே நேரம், கையில் தூக்கிச் செல்லும் ஸ்கேன் கருவியோடு வீடு தேடிப் போய்ப் பாலினம் சொன்ன கும்பல்கள் பக்கத்துத் தர்மபுரியில் பிடிபட்ட செய்திகள் வந்து அதிக ஆண்டுகளாகவில்லை. பெண் என்பதோடு ‘கருப்பையிலேயே கோளாறுள்ள பெண்’ என்ற பட்டமும் சேர்ந்தால், பிறக்கும் முன்பே அந்தக் குழந்தையின் மதிப்பு அந்த வீட்டில் எவ்வளவு இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் வாரக் கணக்குப் பார்க்காமல் பிரசவம் வரை தடுப்பதற்கு இங்கே காரணம் இருக்கிறது.

தன் குழந்தையைப் பற்றி அறியத் தாய்க்கு உரிமையில்லையா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய அந்த ஓரிருவரிடம் என் வாதம் இடறுகிறது. எதைக் காப்பாற்ற ஊசி என்று சொல்லாமல் வாங்கும் கையெழுத்து முழுமையான சம்மதமாகாது. சொன்னால் சட்டம் மீறப்படுகிறது. சினைப்பை நீர்க்கட்டிக்கென்று சட்டத்தில் தனி விதிவிலக்கு எழுதப்படவில்லை. இந்த முடிச்சை ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனியே பயந்து பயந்து அவிழ்க்கும்படி விடுவது சரியல்ல. அறிக்கையில் என்ன சொல்லால் எழுதுவது, ஊசி போடும் நிலை வந்தால் யார் முன்னிலையில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்று மக்கள் நல்வாழ்வுத் துறை தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். இத்தனை சுற்றறிக்கைகளுக்கு நடுவே இன்னும் ஒன்று யாருக்கும் பாரமாகாது.

உண்மையில் நாம் கோட்டைவிடுவது பிறந்த பிறகு. பிரசவ அறையில் குழந்தை அழுத கணத்தில் ரகசியம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பூடகம் எதற்கு? அன்றோ மறுநாளோ குழந்தைக்கு ஒரு ஸ்கேன் எடுத்து, வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் முழுப்பெயரையும் எழுத வேண்டும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, கட்டி என்கிறார்களே, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவது மாதத்தோடு வருவதை நிறுத்திவிடும் குடும்பங்கள்தான் அதிகம் இருக்கும். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் கணக்கில் வருமே. அதனால் மறு ஸ்கேனைத் தடுப்பூசியோடு முடிச்சுப் போட வேண்டும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிக்கு எப்படியும் வருகிறார்கள். தாயின் இயக்குநீர் குழந்தையின் உடம்பிலிருந்து வடிந்துவிட்டாலும், குழந்தையின் சொந்தச் சுரப்பு முதல் சில மாதங்கள் ஒரு சிறு எழுச்சி காட்டும். ஆகவே கட்டி உடனே மறையவில்லை என்று கத்தியைத் தூக்க வேண்டாம். ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு வரை பொறுக்கலாம். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வளர்ந்தாலோ, வற்றாமல் நின்றாலோ குழந்தைகள் அறுவை நிபுணர் பார்க்கட்டும். அவரும் கட்டியை மட்டும் திறந்துவிட்டோ உரித்தெடுத்தோ சினைப்பையை விட்டுவைக்கப் பார்க்க வேண்டும். கறுத்துத் தெரிந்ததற்காக முழுவதையும் வெட்டி எறிவது பழைய வழக்கம். குழந்தை விடாமல் வீறிட்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, வெளிறினாலோ ஊசி நாளுக்குக் காத்திராமல் இரவானாலும் கிளம்ப வேண்டும்.

இதற்கெல்லாம் புதிய கருவி எதுவும் வேண்டாம். தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசிக் கட்டங்களுக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருக்கிறது. எந்தப் பக்கச் சினைப்பை, எத்தனை சென்டிமீட்டர், தெளிந்ததா கலங்கியதா, அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி என்ற நான்கு விவரத்தைப் பிரசவ வார்டிலேயே அங்கே எழுதிவிட்டால், ஒன்றரை மாத ஊசிக்கு அட்டையைப் பிரிக்கிற கிராம சுகாதார செவிலியரின் கண்ணில் அது தானாகப் படும்.